அபாயம்: மூன்று

இடது நெஞ்சுப் பையை
எட்டுக் கிலோ இழுத்தாலும் தையல் பிரியக் கூடாது.
தராசுக் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்ப்பது என் வேலை.
வேலம்பாளையம், இரண்டாம் மாடி, செக்கிங் டேபிள் நாலு.
பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே
பனிமலைக்குப் போகும் கோட்டுகள்.

"இதுக்குள்ள அப்படி என்னதானுங் வைப்பாங்க?"
மெர்ச்சண்டைசர் பிரதீபா போனில் காட்டினாள்.
சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி.
பனிக்கடியில் புதைந்தவன் நெஞ்சில் கிடந்து
கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம்.
பை பிரிந்தால் கருவி ஓரிடம், ஆள் ஓரிடம்.

அன்றிலிருந்து ஒன்பது கிலோ இழுக்கிறேன்.

டீ ஆறும்வரை இன்னும் சொன்னாள்.
முதலில் விழுந்த பனி அடியிலேயே கிடந்து
சீனி மாதிரி உதிரியாகிவிடுமாம்.
பின்னால் விழுந்தது அதன்மேல் பலகையாய் இறுகுமாம்.
வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை.
குழி தோண்டிப் பார்ப்பவனுக்குத்தான் தெரியும்
நடுவே பிடிப்பில்லாத ஒரு விரல்கடை.
ஒருவன் கால் வைக்கும்போது
உள்ளே 'தொம்'மென்று அமுங்கும், சில நேரம்
அந்த எச்சரிக்கைகூட இல்லாமல்.
ஒன்று முதல் ஐந்து வரை அபாயத்துக்கு எண் போடுவார்கள்.
"அஞ்சுன்னா யாரும் ஏறவே மாட்டாங்கக்கா.
மூணுலதான் நிறையப் பேர் சாகறாங்க."

அந்தத் 'தொம்' எனக்குத் தெரியும்.
எங்கள் குடோனில் கேட்டிருக்கிறேன்.

அடியில் காட்டன் ரோல்கள்.
நடுவில் பாலிதீன் சுற்றிய ஒரே ஒரு வரிசை.
அதன்மேல் சாயப்பட்டறையிலிருந்து
ஈரம் சரியாகக் காயாமல் வந்த கனத்த லோடு.
பதினான்கு வரிசை, உத்தரம் தொட.
உச்சியில் வெறுங்காலோடு சுதாம்,
ஒடியாப் பாட்டு காதில் ஓட
லாட் நம்பர் படித்துக்கொண்டிருப்பான்.

நாச்சிமுத்து அண்ணனிடம் சொன்னேன்.
"மூணு மாசமா நிக்குது,
இன்னைக்கா உழுகப் போவுது? அக்கட்ட போம்மா."
நிற்பதுதானுங் பயமே என்று சொல்ல வந்தேன்.
போன் வந்துவிட்டது அவருக்கு.

சாப்பாட்டு மணி அடித்ததும்
மார்க்கிங் சாக்கட்டியால்
குடோன் ஷட்டரில் பெரிதாக எழுதினேன்: 3.

"எவன்டா இது, மூணாம் நம்பர் லாட்டு
போன வாரமே ஏத்தியாச்சே" என்று
நாச்சிமுத்து அண்ணன் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.
சுதாம் மட்டும் வந்து கேட்டான்,
"அக்கா, மூணு, ஏன்?"

அவன் பாஷை எனக்கு வராது.
டேபிள் மேல் ஒரு வெட்டுத் துணி விரித்தேன்,
அதன்மேல் பாலிதீன் பை, அதன்மேல் நாலு கோட்டு.
பலகையின் ஒரு முனையைத் தூக்கினேன்.
மெல்ல, மெல்ல, ஒன்றுமில்லை,
ஒன்றுமில்லை,
சட்டென்று நாலு கோட்டும் தரையில்.

அவன் கோட்டைப் பார்க்கவில்லை.
கதவு வழியே உச்சி வரிசையைப் பார்த்தான்.

ஏணிக்கு இண்டென்ட் போட்டிருக்கிறது.
முதலாளி கொச்சி போயிருக்கிறார்.
கன்டெய்னர் சனிக்கிழமை.

இன்று காலை லோடு இறக்கும்போது
மறுபடியும் அந்தத் தொம்.
எதுவும் விழவில்லை.
மூன்றை அழித்து நான்கு எழுதினேன்.

சுதாம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறான்.
பாட்டை நிறுத்திவிட்டான்.
ஒவ்வொரு வரிசையிலும் காலை வைத்து
கொஞ்சம் நின்று
காது கொடுத்து
அப்புறம் அடுத்தது.