சீனி காணுமோ

விதுர்சன் லீவில வந்து நிக்கிறான்.
நாலு மணிக்குப் பிறகு, பஸ் குறைஞ்ச நேரம் பார்த்து
மாங்குளம் சந்தியில் என்ர கடைக்கு வந்து
கடைசி மேசையில
ஐரோப்பாவை எடுத்து வைப்பான்.

கப்பலில அவனுக்கு ஏழாம் தட்டில் வேலை.
துவாயை அன்னமாய், குரங்காய், யானையாய் மடிச்சுக்
கட்டிலில் இருத்திப்போட்டு வரவேணுமாம்.
என்ர மேசைத்துணியையும் ஒருநாள் அன்னமாக்கிவிட்டான்.
கறி பட்ட மஞ்சள் கழுத்து அதுக்கு.

கரையில இறங்க விட்டால் ரெண்டு மணித்தியாலம்.
சனம் கோட்டை பார்க்கும், கோயில் பார்க்கும்;
இவன் தேத்தண்ணிக் கடை தேடுவான்.
“ஏன்ரா, கோயில் ஓசிதானே?”
“கோயிலில இருக்க விடுவாங்கள் இதயராணி அக்கா,
கடையிலதான் கதைக்க விடுவாங்கள்.”

பேர்கன் எண்டு ஒரு ஊர். எந்நாளும் மழை.
அங்க குடிச்ச மீன்சூப்,
மஞ்சள் போட மறந்த சொதியாம்.
லிஸ்பனில் உள்ளங்கையளவு வட்டமாய் ஒண்டு:
“போறணையில கருகவிட்ட வட்டிலப்பம்.
ஆனா நல்லம், சத்தியமா நல்லம்.”
நேப்பிள்ஸ் ஒழுங்கைக்குள்ள ஒருத்தி
மாவைப் பொரிச்சுக் கடதாசியில சுத்திக் குடுத்து
முடியுமட்டும் இவன்ர முகத்தையே பார்த்தவளாம்.
அதை உடனே நம்பினன்.
நானும் அப்பிடித்தான் பார்ப்பன்.

தேத்தண்ணி என்ன விலை?
அஞ்சு யூரோ.
கடன்கொப்பியின் பின்மட்டையில பெருக்கிப் பார்த்தன்.
என்ர முப்பத்துநாலு பிளேன்டீ!
அதுவும் ஒரு கோப்பை சுடுதண்ணி,
நூலில கட்டின பை ஒண்டு,
நீங்களே முக்கி எடுக்கவேணும்.
அப்ப கடைக்காரனுக்கு என்ன வேலை?

அவன் கொண்டுவந்த பையை நேற்று முக்கினோம்.
நிறம் வந்தது. மணம் வரேல்லை.
பெட்டியில மலையின்ர படம், எங்கட மலை.
நான் நுவரெலியா பார்த்ததில்லை.
இந்த இலை எத்தினை கடல் பார்த்திட்டு வந்திருக்கு.
மிச்சத்தை நாய்க்கு ஊத்தினன்;
மணந்துபோட்டு
பாண்காரன்ர சைக்கிளுக்குக் கீழ போய்ப் படுத்திட்டுது.

போனில கப்பலைக் காட்டினான்.
பதினாலு தட்டு. மேல நீந்திற குளம் ரெண்டு.
கடலுக்கு மேல குளம் எதுக்கெண்டு கேட்கேல்லை.

நான் கண்ட கப்பல் ஒண்டே ஒண்டு.
மாத்தளனில, தூரத்தில நிண்டது, கரைக்கு வராது.
காயக்காரரை வள்ளத்தில ஏத்தி ஏத்திக் கொண்டுபோனவை.
என்னைப் பார்த்த ஆள்
“உங்கட காயம் காணாது தங்கச்சி” எண்டார்,
பஸ்ஸில இடமில்லை எண்டு சொல்லுற
நல்ல கொண்டக்டர் ஒருவரின் குரலில.

இதை நான் சொல்லேல்லை.
விதுர்சனுக்கு அப்ப பத்து வயது,
அவனும் அந்த மணலிலதான் எங்கையோ இருந்திருப்பான்.
“சீனி காணுமோ?” எண்டு கேட்டன்.
காணும் எண்டான்.

பிறகு இஸ்தான்புல் சொன்னான்.
படகுத்துறையில ஒரு சுமைகாரன்,
இடுப்புச் சிறுத்த கிளாசில வெறுந்தேத்தண்ணி,
சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில வைச்சு உறிஞ்சினவனாம்.
இவன் பார்க்கிறதைக் கண்டு ஒரு கட்டி நீட்டினவனாம்.
பாஷை இல்லை.
“நான் உள்ளங்கையைக் காட்டினன் அக்கா,
எங்கட ஆக்கள் சீனியை நக்கிக் குடிக்கிற மாதிரி.
அவன் சிரிச்ச சிரிப்பில
வாயில இருந்த கட்டி விழுந்திட்டுது.”

பன்னிரண்டாம் திகதி போறான்.
கொப்பியில எழுதினன்:
பிளேன்டீ பதினொண்டு, உளுந்துவடை ஆறு, அன்னம் ஒண்டு.
“அன்னத்துக்கு நானே காசு தரவேணும்?”
“பழுதாப்போன துணி ஆற்றையாம்?”

முல்லைத்தீவு பஸ் வந்து நிண்டது.
“பத்து நிமிசம்!” எண்டு கத்தினான் கொண்டக்டர்.
இறங்கினதில ஒருத்தி, கறுப்புக் கண்ணாடி,
என்ர வடைத்தட்டைப் படம் எடுத்தாள்.
இது என்ன ஊர் எண்டு பக்கத்தில கேட்டாள்.
விதுர்சன் கதையைப் பாதியில விட்டு எழும்பி,
முதுகை நிமிர்த்தி,
அவளுக்குக் கதிரையை இழுத்துவிட்டான்.

கை தன்பாட்டில செய்தது.