இரண்டு மில்லிலீற்றர்

சேருவிலக் கல், ஒரு உரப்பை நிறைய,
பஸ்ஸில் ஏற்றி வந்தேன்.
ஓமந்தையில் அவிழ்க்கச் சொன்னான்.
"என்ன இது?"
"கல்."
"யாழ்ப்பாணத்தில் கல் இல்லையா?"
இருக்கிறது. எல்லாம் சுண்ணாம்பு.
இதற்குள் செம்பு என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பஸ் போயிருக்கும்.

சூளையில் போட்டால்
கந்தகம் புகைந்து ஊரே இருமும்.
எங்களிடம் சூளையும் இல்லை.
திருநெல்வேலியில், இரசாயனக் கட்டடத்தின் பின்னறையில்,
கண்ணுக்குத் தெரியாத சிலரை வேலைக்கு வைத்தேன்.
இரும்பைத் தின்பார்கள், கந்தகத்தைத் தின்பார்கள்,
புளிக்கப் புளிக்கப் பெருகுவார்கள்.
செம்பு அவர்களுக்கு வேண்டாம்.
அது இலைக்கு வெளியே சிந்திய சோறு.

பதினெட்டாம் நாள்
குடுவையில் தண்ணி வற்றியதைக் கண்டு
செபமாலை குழாயைத் திறந்து நிரப்பிவிட்டார்.
நல்ல மனதோடுதான்.
எங்கள் தண்ணி தெரியும்தானே,
கேத்திலுக்குள் வெள்ளைப் படை கட்டும்,
சவர்க்காரம் நுரைக்காது.
அந்தச் சுண்ணாம்பு புளிப்பை முறித்தது.
விடிய வந்து பார்த்தால்
அடியில் துருநிறச் சேறு. எவருமில்லை.
நாங்கள் குடித்து வளர்ந்தது
அவர்களுக்கு நஞ்சு.
இரண்டு நாள் செபமாலை என்னோடு கதைக்கவில்லை.
கோபம் எனக்கல்லவா வரவேண்டும்.

குளிர்ப்பெட்டியில், ஒரு நெல்லிரசப் போத்திலுக்குள்,
இரண்டு மில்லிலீற்றர் ஒளித்து வைத்திருந்தேன்.
இம்முறை மழைத்தண்ணி மட்டும்.
போத்திலின் மேல் சிவப்பு மையால்
"செபமாலை தொடவேண்டாம்" என்று எழுதி
பிறகு பெயரை வெட்டினேன்.

மாரியில் ஓரிரவு கரண்ட் போனது.
ஆட்டும் மேசை நின்றது.
காற்றுக் கலக்காவிட்டால் மூச்சு முட்டிப்போவார்கள்.
ஸ்டூலில் இருந்து கையால் ஆட்டினேன்,
நாலு மணித்தியாலம்.
தாலாட்டு என்று எவரும் எழுதவேண்டாம்.
தோள்மூட்டு நொந்தது. நுளம்பு கடித்தது.
ஒன்றரை மணிபோல் செபமாலை வந்து
ஒரு குடுவையைக் கேட்டு வாங்கினார்.

கல் இலேசில் விடாது.
கரையக் கரையத் தன்மேல் ஒரு தோலைப் போர்க்கும்,
விசாரணைக்குப் பழகியவரின் வாய்போல.
அறுபத்திரண்டாம் நாள்தான் நீலம்.
பெரிய நீலமில்லை,
பள்ளிக்கூடச் சட்டைக்குச் சொட்டுநீலம் போட்ட பின்
இரண்டாம் அலசலில் வருமே, அவ்வளவு.

செம்பைப் பிடிக்க இரும்பு வேண்டும்.
செபமாலை தன் சைக்கிளிலிருந்து
துருப்பிடித்த கம்பியொன்றைக் கழற்றித் தந்தார்.
பின்னேரத்துக்குள் அது சிவந்து நின்றது.
சுரண்டி நிறுத்தேன்.
பழைய ஒரு சதக் காசுக்கும் காணாது.
"இவ்வளவுக்குத்தானா?"
"ஓம்."

கம்பியைத் துடைத்துத் திரும்பப் பூட்டிக்கொண்டு போனார்.
கொக்குவில் சந்தியில் முறிந்ததாம்.
மெலிந்திருக்கும், நான் சொல்லியிருக்கவேண்டும்.
காணாமற்போன இரும்பு
இங்கே, குடுவைக்குள்.

இன்று காலை மூடியைத் திறந்தேன்.
வெளிறிக் கிடந்த தண்ணி
ஓரமாகச் சிவக்கத் தொடங்கியிருக்கிறது.
ஆரோ சாப்பிடுகிறார்கள்.