மீதி

பாலக்கோடு முன்சீப் கோர்ட்டுக்கு
எங்கள் ஊரிலிருந்து காலையில் ஒரே பஸ்.
வாதி நான் முன்படியில் ஏறுவேன்,
பிரதிவாதி மாதையன் பின்படியில்.
பதினோரு வருசம்.

வழக்குச் சொத்து ஒன்றேகால் அடி அகலம்,
கிணற்றுமேட்டிலிருந்து ஓடைப் புளியமரம் வரை நீளம்.
எல்லைக்கல்லைப் பிடுங்கியது
அவன் டிராக்டர் என்பது என் தரப்பு.
கல்லே இருந்ததில்லை என்பது அவன் தரப்பு.
கமிஷனர் வந்து சங்கிலி பிடித்த அன்று
இரண்டு வீட்டிலும் கோழி அடித்தோம்.
அவர் சைவம்.

புளியமரத்துக்கும் தடை உத்தரவு.
நான் உலுக்கக் கூடாது, அவனும் கூடாது.
குரங்குகளுக்கு நோட்டீஸ் போகவில்லை.

இன்றைக்கு டவாலி
'தீர்த்தகிரி, மாதையன்' என்று
ஒரே மூச்சில் கூப்பிட்டு
ஜட்ஜ் லீவு என்றான்.

திரும்பும் பஸ்ஸில் சில்லறை இல்லை.
ஆளுக்கு இருபத்தைந்து வரவேண்டும்.
கண்டக்டர் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை
என் கையில் திணித்து
'ஒரே ஊருதானே, இறங்கிப் பிரிச்சுக்குங்க' என்றான்.

இறங்கினோம்.
பெட்டிக்கடை பூட்டியிருந்தது.
புழுதி அடங்கும்வரை
ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றோம்.
தாளின் நடுவில் மடிப்பு,
மடிப்போடு கொஞ்சம் கிழிசல்,
அதை யாரோ ஸ்டாம்பு ஒட்டும் பசையால் ஒட்டியிருந்தார்கள்.

'யாருகிட்ட இருக்கணும்?'
மாதையன்தான் கேட்டான்.
இத்தனை வருசத்தில்
வக்கீல் இல்லாமல் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.
குரல் கிழடு தட்டியிருந்தது.

'பதினேழாந்தேதி வரைக்கும்
நீயே வச்சிரு' என்றேன்.

அன்றுதான் அடுத்த வாய்தா.