மூவாயிரத்து நூற்றுப் பதினேழு

கந்தோருக்கு நடந்தால் எட்டு நிமிடம்.
காரில் போனால் பதினொன்று.
கேற்றைத் திறந்து, பின்னால் எடுத்து,
இறங்கி, கேற்றை மூடி, திரும்ப ஏறுவதற்குள்
நடந்து போன தயாபரி
வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்திருப்பாள்.

இப்படித்தான் அது நின்றுபோனது,
உவர்மலையில், வேம்புக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவில்,
சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மாருதி.
லீசிங் கட்டி முடித்தது நான்.
அதிகம் பாவித்தவை காகங்கள்.

ஞாயிறு காலையில் பத்து நிமிடம்
ஸ்ராட் பண்ணி விடவேணும்,
இல்லாவிட்டால் பற்றரி செத்துப்போகும்
என்றான் கராஜ் செல்வேந்திரா.
அந்தப் பத்து நிமிடமும்
ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருப்பேன்.
சிலவேளை சிக்னல்கூடப் போடுவேன்,
வலப்பக்கம்.
கண்ணாடியை ஏற்றிவிட்டால் குக்கர் விசில் இல்லை.
வாசலில் இவர் என்னைக் கூப்பிடுவது
வாயசைவாக மட்டும் தெரியும்.

பெற்றோல் இல்லாத அந்த வருடம்
ஊரே வரிசையில் கிடந்தபோது
என் தாங்கியில் பதினாறு லீற்றர் இருந்தது.
தெருவில் எல்லாருக்கும் திடீரென்று
என் சுகம் விசாரிக்கத் தோன்றியது.
குழாய் போட்டு உறிஞ்சிப் போனார்கள்.
இரண்டு லீற்றர், பிரசவத்துக்குப் போன ஓட்டோவுக்கு.
ஒன்று, மூதூரில் படிப்பிக்கும் மாஸ்டரின் மோட்டார் சைக்கிளுக்கு.
மூன்று, எதற்கென்று நான் கேட்கவில்லை.
நின்ற இடத்தில் நின்றபடி
என் கார் நிறைய ஓடிய வருடம் அது.

பிறகு விலை ஏறியது.
வாங்கிய காசைப்போல் இரண்டு மடங்கு என்கிறார்கள்,
வித்துப்போடு, மண்ணில் நின்று உக்குது
என்று இவர் சொல்லிச் சொல்லி,
கந்தளாயிலிருந்து முபாரிஸ் வந்தார்,
கையில் ஒரு ரோர்ச்சும் ஒரு காந்தமும்.
கதவுகளில் காந்தத்தை வைத்து வைத்துப் பார்த்தார்,
வைத்தியர் முதுகில் குழல் வைப்பதுபோல.
எல்லா இடத்திலும் ஒட்டியது.
நம்பர் தகட்டுக்குப் பின்னால் மட்டும்
கடற்காற்று கொஞ்சம் தின்றிருந்தது.
மீற்றருக்கு ரோர்ச் அடித்தார்.
ஒருதரம். இன்னொருதரம்.
"மிஸ், குறை நினைக்காதீங்க,
இதைத் திருப்பி வச்சிருக்கீங்களா?"

மூவாயிரத்து நூற்றுப் பதினேழு.
எனக்குச் சுள்ளென்றது.
கணக்குச் சொல்லத் தொடங்கினேன்.
கன்னியாவுக்கு மூன்று தரம்.
நிலாவெளிக்கு, விருந்தாளிகள் வந்த நேரமெல்லாம்.
மட்டக்களப்பில் ஒரு கலியாணம், வாகரையில் மழை.
இவருடைய கண்ணுக்காக அனுராதபுரம்.
கூட்டிப் பார்த்தால்
முந்நூறு கிலோமீற்றர் இடிக்கிறது.
எப்போது போனேன்? யாரோடு?
வலப்பக்கச் சிக்னல்கள்
மீற்றரில் ஏறாதே.

"ஓடிக் காட்டுங்க, நான் சத்தத்தைக் கேட்கிறேன்"
என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.
உட்துறைமுக வீதியில் கடல் தட்டையாகக் கிடந்தது.
மூன்றாம் கியர் போட்டபோது
மறந்திருந்த ஒரு விரல் நீண்டதுபோல இருந்தது.
அவர் எதுவும் பேசவில்லை.
நானும் எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
பஸ் நிலையத்தடியில்
கந்தளாய் பஸ் புறப்பட உறுமிக்கொண்டு நின்றது.
நிறுத்தினேன்.
"முபாரிஸ், இந்தப் பஸ்ஸைப் பிடிச்சால்
அஸருக்கு முந்தி வீட்டை போயிடலாம்" என்றேன்.
என்னைப் பார்த்தார், மீற்றரைப் பார்த்தார்,
சிரித்தபடி காந்தத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

இவருக்கு என்ன சொல்வதென்று
ஏற்றம் முழுக்க யோசித்தபடி திரும்பி வந்தால்
கேற் திறந்தபடி கிடக்கிறது.
கார் நின்ற இடத்தில்
சருகு விழாத ஒரு நீள்சதுரம்,
அதற்குள் கால் மடக்கிப் படுத்திருக்கிறது
ஊருக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று.
ஹோர்ன் அடிக்க மனம் வரவில்லை.

தெருவிலேயே இருக்கிறேன், எஞ்சினை நிற்பாட்டாமல்.
அது எழும்பட்டும்.
பற்றரியும் ஏறும்.