பாதி டிக்கெட்

பதின்மூன்றாவது வளைவில்
மலை இறங்கி வந்து சாலையில் உட்கார்ந்திருந்தது.
சேலத்திலிருந்து போன பேருந்து இந்தப் பக்கம்,
ஏற்காட்டில் மாட்டிக்கொண்டது அந்தப் பக்கம்.
நடுவே முப்பதடிச் சேறு,
வேரோடு சாய்ந்த ஒரு சில்வர் ஓக்,
யாரோ போட்ட சென்ட்ரிங் பலகை.

"பாதிக்குத்தான் டிக்கெட்.
மீதியை அந்த வண்டியில வாங்கிக்குங்க" என்ற
கண்டக்டர் செங்கோடன்
விசிலோடு பாறைமேல் ஏறி
மேட்டையே பார்த்து நின்றார்.
"கல்லு உருண்டா ஊதுவேன்.
எந்தப் பக்கம் கிட்டவோ, அங்க ஓடுங்க."

தடுப்பூசிப் பெட்டி முதலில் போனது.
பிறகு கேஸ் சிலிண்டர்,
செருப்பைக் கையில் பிடித்த தலைமையாசிரியர்,
முட்டை அட்டைகள், பன்னிரண்டு கை மாறி.

என் பையில் மாற்றுச்சேலை, டிபன் பாக்ஸ்.
எங்கோ ஒரு நாடு வரியை ஏற்றியதில்
நெத்திமேட்டில் என் தையல் மெஷின் நின்று
ஒன்பது நாளாகிறது.
மேலே காப்பிப்பழம் பறிக்க ஆள் வேண்டுமாம்.
பறித்ததில்லை. பறித்தால் தெரியும்.

பலகை நடுவில் விசில் கேட்டது.
முன்னால் போனவள் திரும்பவில்லை,
கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.
பிடித்துக்கொண்டு ஓடினேன்.
பெயர்கூடக் கேட்கவில்லை.

வண்டி திரும்ப இடமில்லை.
மேல்பேருந்து ரிவர்ஸிலேயே ஏறியது;
சேற்றைப் பார்த்தபடியே
ஒரு வளைவு உயரம் போனோம்.
பின்சீட்டில் முட்டைக்காரர் எண்ணி முடித்தார்.
உடைந்தது ஏழு.
"டிபன் பாக்ஸ் காலியா இருக்காம்மா?"

இல்லை.
திறந்து, புளிச்சோற்றை
ஆளுக்கொரு பிடி கொடுத்துக்
காலியாக்கினேன்.