நான்காம் பத்தி

நாள் கூலி. சாப்பாடு அவர்களுடையது.
கானாடுகாத்தானில், விடுதியாகிவிட்ட ஒரு வீட்டின்
இரண்டாம் கட்டில் ஐந்து நாடுகள் உட்கார்ந்திருந்தன,
ஆளுக்கொரு சின்னக் கொடியும் தண்ணீர்ப் புட்டியுமாக.
கண்ணாடிப் புட்டி. பிளாஸ்டிக் கூடாதென்று
முதல் நாளே ஒருமனதாக முடிவாகியிருந்தது.
மூன்று நாளில் ஒருமனது அது ஒன்றுதான்.

காலையில் வேனில் புதுவயல் போனோம்.
வயிரவன் ஆலையில் உமியை எரித்தே நெல்லை அவிக்கிறார்கள்.
வங்காளதேசத்து ரெஹானா சாம்பலை விரலில் தொட்டு
"தினாஜ்பூரிலும் இதே கறுப்பு" என்றார்.
தாய்லாந்துக்காரர் கொதிகலனைச் சுற்றி வந்து படமெடுத்தார்.
அவர்களிடம் இருப்பது இதில் பாதி உமிதான் தின்னுமாம்.
"என்ன விலை?" என்றார் வயிரவன், உடனே.
பதில் வரவில்லை. காப்புரிமை என்றார்கள், சுங்கம் என்றார்கள்,
எந்த நாட்டு வங்கி என்றார்கள்.
வயிரவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
எல்லாருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார்.

மதியம், மியான்மரின் தின் சாண்டா
கூடத்துத் தூணைக் கட்டிப்பிடித்தார்.
கை எட்டவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.
காட்டுக் கணக்கு எழுதுவது அவர் வேலை.
சுற்றளவு, உயரம், காகிதத்தில் ஒரு பெருக்கல்.
"இத்தனை கிலோ கார்பன் இதற்குள் இருக்கிறது.
எங்கள் காற்றிலிருந்து எடுத்தது,
உங்கள் கூரையைத் தாங்குகிறது.
யார் பேரேட்டில் வரவு வைப்பது?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
வட்டிக்கு வட்டி போட்டுப் பழகிய ஊர் இது.
கடனுக்கு ஈடாக அங்கே வயல்கள் கைமாறிய கதையை
அவர் எடுக்கவில்லை.
நானும் எடுக்கவில்லை. கேள்வியைக் கடத்துவதோடு
என் வேலை முடிகிறது.

சிக்கல் நான்காம் பத்தியில்.
கடலடியில் ஒரு கம்பி. எந்தக் கரையில் காற்று அடிக்கிறதோ
அங்கிருந்து மின்சாரம் அடுத்த கரைக்கு.
அறுந்தால் ஒட்டும் செலவு?
ஆங்கிலத்தில் 'வீ' என்று போட்டுத் தப்பித்துவிட்டார்கள்.
தமிழ்ப் படியில் தப்பிக்க முடியாது.
நாம் என்றால் கேட்பவரும் உள்ளே.
நாங்கள் என்றால் கேட்பவர்
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்கிறார்.

நாம் என்று அடித்தேன்.
சென்னை அதிகாரி குனிந்து சொன்னார்:
"கணக்குன்னு வந்துட்டா நாம் எல்லாம் எழுதாதீங்க தம்பி,
நாளைக்கு பில் நமக்கு வரும்."
நாங்கள் என்று மாற்றினேன்.
பருத்தித்துறை மின்பொறியாளர் சுகிர்தமலர்
திரையைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.
"ஓம், இதுதான் சரி."
ஒரு கணம் சுருக்கென்றது.

தேநீர் இடைவேளையில் அவரே வந்து கூப்பிட்டார்:
"வாங்கோ தம்பி, நாங்கள் ரெண்டு பேரும் போய்
அந்தக் கம்பிப் படத்தை ஒருக்காப் பார்ப்பம்."
நாங்கள் ரெண்டு பேரும்.
அவரும் நானும்.
பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது தெரியாமல் நின்றேன்.
அந்தக் கரையில் நாங்கள் என்பதற்குள்
எனக்கும் இடம் போட்டிருக்கிறார்கள்.

ஐந்தரை மணிக்குக் கையெழுத்து.
ஒரே சொல்லின் கீழ்
ஒருவர் கதவைச் சாத்திவிட்டதாக நினைத்துப் பேனாவைத் திறக்கிறார்,
ஒருவர் திறந்துவிட்டதாக.
இருவருக்கும் திருப்தி. மதுரைக்குப் போகும் வேன்
முற்றத்துக்கு வெளியே உறுமிக்கொண்டிருக்கிறது.
சும்மா இருந்தால் இன்றைக்கு எல்லாம் நல்லபடி முடியும்.
கம்பி அறுகிற நாளில்தான் தெரியும்,
அன்றைக்கு நான் எங்கேயோ இருப்பேன்.

மொழிபெயர்ப்பவன் சொந்தமாகப் பேசக் கூடாது,
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.
கையைத் தூக்கினேன்.
சென்னை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.
தின் சாண்டாதான் ஒலிவாங்கியை
என் பக்கம் நகர்த்தி வைத்தார்.