சுண்ணக்கோடு

பகலில் பீஷான் பணிமனையில்
ரயில் சக்கரம் அளக்கிறவள் நான்.
இரும்பின்மேல் இரும்பு.
அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலும் அறிக்கை.
இரவில் காக்கி புக்கிட், மூன்றாம் மாடி,
பாதி இறக்கிய இரும்புக் கதவுக்குள்
ரப்பரோடு மல்லுக்கட்டு.

ஆ செங் இரண்டு சோடி உருட்டி வந்தான்.
ஒன்று ரேடியல்:
கஞ்சி போட்ட சட்டைக்காரனின் விறைப்பு.
மற்றது பயஸ் பிளை:
தட்டினால் தொப்பை குலுங்கும்.
"கால் கிளட்ச்சா, ஆட்டோவா?" மலாயில் கேட்டான்.
கால்தான்.
"அப்படியென்றால் தொப்பைக்காரன்.
உதை வாங்கிப் பழகியவன்."

நகத்தால் அழுத்தினேன்.
பிறை ஒன்று விழுந்து
அவசரமில்லாமல் மறைந்தது.
மழைத்தண்ணீர் ஓட
ஒரு வாய்க்கால்கூட வெட்டாத கறுப்பு.
இதை மாட்டிக்கொண்டு இந்தத் தீவில்
ஒரு தெருமுனை திரும்ப முடியாது.
தீவிலோ
தெருமுனைக்குக் குறைவில்லை.

இரண்டிலும் ஒரே எண், இருபத்தாறு.
ஜெயசுதா அளவுநாடாவைச் சுற்றிப் பிடித்தாள்.
ஒன்று எண்பத்திரண்டு அங்குலம்.
மற்றதில் அரை அங்குலம் கூடுதல்.
"ஒரே அச்சுல வந்ததுதானே?"
அதனாலென்ன,
என் அண்ணனையும் என்னையும் பார்.

இப்படியே மாட்டினால்
வண்டி சின்னவன் பக்கம் சாய்ந்துகொண்டே போகும்,
தெரிந்த சொந்தக்காரர் வீடு மாதிரி.
சின்னவனுக்கு மூச்சுமுட்டக் காற்றடைத்து
மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் கிடத்தினோம்.
நாலு மணி மழைக்கு
கொடித்துணி எடுப்பவளைப்போல் ஓடி
உள்ளே இழுத்துப்போட்டாள் சுதா.
மூன்றாம் நாள், எண்பத்திரண்டேகால்.
போதும்.
கால் அங்குலத்தை
ரயிலில்தான் மன்னிக்க முடியாது.

டியூபுக்குப் பவுடர் பூசி உள்ளே வைத்து
நாற்பது பவுண்டு ஏற்றினேன்.
டப், டப்.
விளிம்பு ரிம்மில் உட்கார்ந்த சத்தம்.
"ரிம்முக்குத் திருகாணி போடு," என்றாள்.
புது ரிம். இரண்டு மாதச் சம்பளம்.
துளைபோட மனம் வரவில்லை.
அதெல்லாம் பிடிக்கும் என்றேன்.
அவள் வாதாடவில்லை.
சுண்ணக்கட்டி எடுத்து
ரிம்மிலிருந்து ரப்பர் வரை
நேராக ஒரு கோடு இழுத்தாள்.

விடிகாலை நான்கு மணி, ஊட்லண்ட்ஸ் வரிசை.
இழுவண்டியில் கார், கார்மேல் தார்ப்பாய்.
வரியில்லாத டயருக்கு
வரி உண்டா என்று
எந்தச் சுங்கத்தில் கேட்பது?

பாலத்துக்கு அப்பால் ஜோகூரில்
கால் மைல் தார்.
பதினாறு பவுண்டு வைத்தேன்.
தண்ணீரில் நனைத்து, சுழற்றி, புகைவிட்டு,
கோந்துபோல் ஒட்டுகிறதா என்று தொட்டுப் பார்த்து
பதினான்காக்கினேன்.
பச்சை விளக்கு.
பக்கச்சுவர் கொசுவமாகச் சுருங்கி விரிந்ததைப்
பின்னால் நின்றவர்கள் பார்த்தார்களாம்.
நான் வானத்தைத்தான் பார்த்தேன்.
பன்னிரண்டு நொடி, கொஞ்சம் சில்லறை.

நேரச் சீட்டை நீட்டினேன்.
சுதா வாங்கவில்லை.
சக்கரத்தருகே குந்தியிருந்தாள்.
கோடு இரண்டாகியிருந்தது.
ரிம்மின் பாதி மூன்று விரல் முன்னே போய்விட்டது.
ரப்பரின் பாதி
புறப்படவே இல்லை.
நடுவில் வால்வு கழுத்து சாய்ந்து கிடந்தது,
இன்னொரு ஓட்டம் தாங்காது.

அப்போது மழை பிடித்தது.
அன்றைக்கு அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் பாலத்தில் இரண்டரை மணிநேரம்.
சுதா ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
வைப்பர் மட்டும்
சொன்னதையே சொல்லிக்கொண்டு வந்தது.

திங்கள் இரவு துரப்பணத்தை எடுத்து
ரிம்மின் உதட்டில்
முதல் துளையை நானே போட்டேன்.
வெள்ளிச் சுருள் உதிர்ந்து காலணிமேல் விழுந்தது.
"பக்கத்துக்கு எட்டு," என்றாள்,
பொட்டலக் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே.
"குட்டைத் திருகாணியா பாத்து எடு.
நீளமானது டியூபைக் கடிச்சிரும்."